எண்பதில் நடுங்கிய 86: ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் ரிம், டயர் மாற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

வாகனம் டொயோட்டா 86. 2012-ஆம் ஆண்டுத் தயாரிப்பு, ஜிடி தரம், ஆறு கியர் மனுவல். சொந்தக்காரர் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கத்துத் தம்பி ஒருவர்; கட்டாரில் உழைத்த காசில் வாங்கியது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு நாட்டுக்குள் இருந்த பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் புதிய ஸ்போர்ட்ஸ் கார் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. அதனால் கையில் இருக்கிற காரை மெருகேற்றுகிற வேலைதான் இப்போது கராஜ்களுக்குக் கூடுதலாக வருகிறது. மெருகேற்றுவது என்றால் முதலில் கை வைப்பது ரிம்மில்.

தம்பியும் அதைத்தான் செய்தார். கொழும்பில் ஒரு கடையில் 18 அங்குல ரிம் நான்கை டயரோடு பேசி முடித்து, அங்கேயே பூட்டிக்கொண்டு இரவோடு இரவாக ஊருக்கு ஓட்டி வந்தார். பார்வைக்குக் கார் வேறு காராகிவிட்டது, அதை மறுக்க முடியாது. சில்லுகள் மட்கார்ட் விளிம்பு வரை நிறைந்து நின்றன. ஓட்டத்தில்தான் கதை வேறு. எங்கள் கராஜுக்குக் கொண்டு வந்தபோது அவர் சொன்னது இது: "அண்ணே, எண்பதுக்கு மேல போனா ஸ்டியரிங் கையில நிக்குதில்ல. ரெண்டு மூண்டு இடத்தில பலன்ஸ் பண்ணியாச்சு. அப்பிடியேதான் இருக்கு."

அதிர்வு ஒன்று. முழுதாக வளைத்துத் திருப்பும்போது இடது முன் சில்லு எங்கேயோ உரசுவது இரண்டு. பின் இருக்கையில் ஆள் ஏறினால் பின்னாலும் உரசல். மழை பெய்த வீதியில் கார் தன்பாட்டுக்கு நழுவப் பார்ப்பது. இடது முன் சில்லில் மட்டும் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை காற்று இறங்குவது. இவ்வளவும் ரிம் மாற்றிய பிறகு வந்தவை. (எண்பதில் நடுங்குகிறது என்கிறார், வீதியில் காருக்கு வேக எல்லை எழுபது. அதைப் பற்றியும் தம்பியோடு பேசினோம், அது வேறு பேச்சு.)

முன்பு இருந்ததும் பிறகு வந்ததும்

ஜிடி தரத்துக்குத் தொழிற்சாலையில் பூட்டியது 17 அங்குல விட்டம், 7 அங்குல அகல ரிம், ஓஃப்செட் 48 (சில்லு எவ்வளவு உள்ளே உட்காரும் என்பதைக் காட்டும் எண், பின்னால் விளக்கியிருக்கிறேன்). ஐந்து போல்ட், பிசிடி (போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) 100. நடுத்துளை 56.1 மில்லிமீற்றர். டயர் 215/45 ஆர்17: அகலம் 215 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 45 வீதம், ரிம் 17 அங்குலம்.

தம்பி வாங்கியது 18 அங்குலம், 9 அங்குல அகலம், ஓஃப்செட் 30. பிசிடி 100-உம் 114.3-உம் இரண்டும் சேர்த்துத் துளைத்த பத்து ஓட்டை ரிம். நடுத்துளை 73.1. டயர் 215/40 ஆர்18. டயரின் மொத்த உயரம் பழையதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 625 மில்லிமீற்றர் 629 ஆகியிருக்கிறது. கடைக்காரர் இந்த ஒரு கணக்கைச் சரியாகப் பார்த்திருக்கிறார். மற்றக் கணக்கு எதையும் பார்க்கவில்லை.

ரிம்மின் வடிவம் ஜப்பானின் ரேய்ஸ் நிறுவனம் 1996-ல் கொண்டு வந்த வோல்க் ரேசிங் டிஇ37-இன் ஆறு ஆரம். அந்த அசல் ரிம் அலுமினியத்தை அழுத்தி அடித்துச் செய்வது. பெயரிலுள்ள 37 என்பதே முதலில் வந்த 15 அங்குல ரிம்மின் நிறையான 3.7 கிலோவைக் குறிப்பது. தம்பியின் ரிம் அதே உருவத்தில் அச்சில் ஊற்றி வார்த்த நகல். நகல் என்பதாலேயே கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. வார்த்த ரிம்தான் உலகத்தில் நிறையக் கார்களில் ஓடுகிறது. ஆனால் வார்த்த ரிம்முக்குப் பலம் வேண்டுமென்றால் தடிப்பு வேண்டும், தடிப்பு என்றால் நிறை. இந்த ரிம்மில் நிறையும் இருந்தது, பின்னால் தெரியவந்தபடி பலமும் போதவில்லை.

நட்டில் தொடங்கியது

காரை ஜாக்கில் ஏற்றி இடது முன் சில்லின் நட்டைக் கழற்றப் போனபோதே பிரச்சினையின் பாதி கைக்கு வந்துவிட்டது. நட்டு சுகமாகக் கழரவில்லை. கிறீச்சென்று சத்தம் போட்டு, புரியில் இருந்து மினுங்கும் இரும்புத் தூளைக் கொட்டிக்கொண்டு வந்தது. ஐந்தில் இரண்டு போல்ட்டின் புரி நசிந்து போயிருந்தது.

டொயோட்டா என்று முன்னால் இலச்சினை இருந்தாலும் இந்தக் கார் சுபாருவோடு கூட்டாக உருவாக்கி, ஜப்பானில் சுபாருவின் தொழிற்சாலையிலேயே செய்தது. என்ஜினும் சுபாருவின் பொக்ஸர். சில்லுப் போல்ட்டும் சுபாருவின் போல்ட்: 12 மில்லிமீற்றர் தடிப்பு, புரி இடைவெளி 1.25. டொயோட்டாவின் மற்றக் கார்களில் பெரும்பாலும் 12 தடிப்பு, இடைவெளி 1.5. ரிம் விற்ற இடத்தில் "டொயோட்டா நட்டு" கேட்டு வாங்கி, அதையே பூட்டியிருக்கிறார்கள். 1.5 நட்டு 1.25 போல்ட்டில் ஒன்றிரண்டு சுற்றுக் கையாலேயே ஏறும். அதற்குப் பிறகு இறுகும். கையால் பூட்டுகிறவன் அந்த இடத்தில் நின்று யோசிப்பான். நட்டு இறுக்கும் காற்றுத் துப்பாக்கி யோசிக்காது, புரியை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். இறுக்கமாகப் பூட்டியது போலத்தான் தெரியும். உண்மையில் ரிம்மை ஹப்போடு (சில்லைப் பூட்டும் காரின் சுழலும் தட்டு) சேர்த்து அழுத்த வேண்டிய விசை எல்லாம் புரியை நசிப்பதிலேயே செலவாகிவிடும்.

இந்தப் போல்ட்டுகளோடு அவர் கொழும்பில் இருந்து மட்டக்களப்பு வரை வந்ததும், அதன் பிறகு மாதக்கணக்கில் ஓடியதும் அதிர்ஷ்டம் என்று சொல்வதைத் தவிர வேறு விளக்கம் எங்களிடம் இல்லை.

ஊர்க் கராஜ்காரர்களுக்கு ஒரு வசதியான செய்தி: நிசானும் சுசுகியும் இதே 1.25 புரிதான். அல்டோ, வாகன்ஆர் ஓடாத தெரு இங்கே இல்லை, ஆகவே நட்டுக்காகக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது இன்னொன்று, நட்டின் அடிப்பக்கம். பெரும்பாலான வெளிச்சந்தை ரிம்களுக்கு (கார் நிறுவனம் அல்லாதவர்கள் செய்து விற்பவை) 60 பாகைக் கூம்பு வேண்டும். டொயோட்டாவின் சில அசல் ரிம்களுக்குத் தட்டை வளையத்தோடு வரும் நட்டு இருக்கிறது, உருண்டை அடியுள்ளதும் வேறு கார்களில் இருக்கிறது. கூம்புப் பள்ளத்தில் தட்டை நட்டைப் பூட்டினால் விளிம்பு மட்டும்தான் தொடும்.

பலன்ஸ் மெஷினில் சரி, காரில் பிழை

பல இடத்தில் பலன்ஸ் செய்தும் அதிர்வு போகாததன் காரணம் நடுத்துளை. கார் ஹப்பின் நடுவிலே ஓர் உருண்டைக் கழுத்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இந்தக் காரில் அது 56 மில்லிமீற்றர். அசல் ரிம்மின் துளையும் அதே அளவு என்பதால், ரிம்மை மாட்டியதுமே அது தானாக நடுவில் உட்காரும். நட்டு ரிம்மை அழுத்திப் பிடித்தால் போதும், நடுவுக்குக் கொண்டுவரும் வேலை அதற்கு இல்லை.

வெளிச்சந்தை ரிம்மை ஒரு காருக்கென்று செய்வதில்லை. எல்லாக் காரிலும் ஏறட்டும் என்று 73.1 துளையோடு விடுவார்கள். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் ஒன்றைப் போட வேண்டும். தம்பியின் காரில் வளையம் இல்லை. கழுத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் எட்டரை மில்லிமீற்றர் வெறும் காற்று. நடுவுக்குக் கொண்டு வரும் பொறுப்பு முழுவதும் நட்டின் கூம்பில். நட்டோ பிழையான நட்டு.

இப்போது பலன்ஸ் மெஷினை நினைத்துப் பாருங்கள். அது ரிம்மை நடுத்துளையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறது. மெஷினில் ரிம் அச்சொட்டாக நடுவில் சுற்றுகிறது, ஈயத்தை ஒட்டியதும் சுழியம் காட்டுகிறது, எல்லோருக்கும் திருப்தி. அதே சில்லைக் காரில் மாட்டியதும் ஒரு மில்லிமீற்றர் தள்ளி உட்காருகிறது. மெஷின் பொய் சொல்லவில்லை, மெஷினிடம் கேட்ட கேள்வி வேறு. நாங்கள் ஆட்டத்தை ஊசியால் அளந்து காட்டும் டயல் கேஜை வைத்து, சில்லு காரில் இருந்தபடியே கையால் சுற்றிப் பார்த்தோம். ஊசி ஒரு மில்லிமீற்றரைத் தாண்டி ஆடியது. நட்டுகளைத் தளர்த்தி, பாரம் இல்லாமல் தொங்கவிட்டு, நட்சத்திர ஒழுங்கில் கையால் இறுக்கிப் பார்த்தபோது ஆட்டம் பாதிக்கு மேல் குறைந்தது. ரிம் வளைந்திருந்தால் அப்படிக் குறையாது. நோய் இன்னதென்று அந்த இடத்தில் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஏன் சரியாக எண்பது? இந்த டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மீற்றர் போகிறது. மணிக்கு 80 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்குப் பதினொரு சுற்று. காரின் சில்லும் சஸ்பென்ஷனும் இயல்பாகவே துள்ள விரும்பும் வேகம் செக்கனுக்குப் பத்து முதல் பதினைந்து வரைக்குள் இருக்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் சிறிய தள்ளாட்டம் பெரிய நடுக்கமாகிறது. கல்லடியில் இருந்து களுவாஞ்சிகுடி வரை ஊருக்கு மேல் ஊர், அந்த வேகத்தைத் தொட இடமே இல்லை. அதனால்தான் தம்பி முதல் சில வாரம் கவலைப்படவில்லை. புணாணைப் பக்கம் நேர் வீதியில் போனபோதுதான் கை நடுங்கியிருக்கிறது.

வெளியே தள்ளிய சில்லு

ஓஃப்செட் என்ற எண்ணைத் தனியாகப் பார்ப்பதில் பலன் இல்லை, அகலத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஓஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் இடையிலான தூரம். பழைய ரிம்மின் பாதி அகலம் 88.9 மில்லிமீற்றர், 48-ஐக் கழித்தால் வெளி விளிம்பு ஹப் முகத்தில் இருந்து 41. புதிய ரிம்மின் பாதி அகலம் 114.3, அதில் 30 போனால் 84. ஆக, வெளி விளிம்பு 43 மில்லிமீற்றர் வெளியே வந்துவிட்டது. உள்பக்கம் ஏழு மில்லிமீற்றர்தான் கூடியிருக்கிறது.

43 மில்லிமீற்றர் என்பது சின்ன விஷயம் இல்லை. முன் சில்லைத் திருப்பும் அச்சைக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளி ஒன்று இருக்கும், டயர் தரையைத் தொடும் நடு வேறு. இவை இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கார் செய்தவர்கள் அளந்துதான் வைத்திருப்பார்கள். ஓஃப்செட் 48-இல் இருந்து 30 ஆனதால் டயரின் நடு 18 மில்லிமீற்றர் வெளியே போய், அந்தத் தூரம் மாறிவிட்டது. அப்புறம் வீதியில் உள்ள ஒவ்வொரு தழும்பும் நெம்புகோல் போட்டது போல ஸ்டியரிங்கை இழுக்கும். லொறிகள் ஓடி ஓடித் தடம் விழுந்த தார் வீதியில் கார் அந்தத் தடத்தையே தேடிப் போகும். பெயாரிங்குக்கும் சுமை கூடும், ஆனால் அது தெரிய வருவதற்குக் காலமாகும்.

உரசலுக்கு யாரோ ஏற்கெனவே வைத்தியம் பார்த்திருந்தார்கள்: பின் மட்கார்டின் உள் விளிம்பைத் தட்டி மடித்திருந்தார்கள். சூடு காட்டாமல் மடித்ததால் பெயின்ட் கோடுகோடாக வெடித்திருந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழ்கிற நமக்கு வெடித்த பெயின்ட் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. உள்ளே துரு பிடிக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு இந்த முழு வேலையிலும் கோபம் வந்த இடம் அதுதான். ரிம்மைக் கழற்றி எறியலாம், மட்கார்ட் காரின் உடம்பு.

டயர்

எங்கள் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் காருக்குத் தேவைப்பட்டது டயர், தம்பி வாங்கியது ரிம்.

86 வெளிவந்தபோது டொயோட்டா இதற்குப் பூட்டியது மிஷலின் பிரைமசி எச்.பி. பிரியஸ் காரிலும் வந்த வகை. இருநூறு குதிரைவலுக் காருக்கு ஏன் ஹைபிரிட் காரின் டயர் என்று அப்போதே பலர் கேட்டார்கள். பதில், அது வேண்டுமென்றே செய்தது. அதிகப் பிடிப்பு இல்லாத டயரில், சாதாரண வேகத்திலேயே காரின் பின்பக்கம் விளையாடுவதை ஓட்டுநர் உணரட்டும் என்பது திட்டம். மலை வளைவில் அது இன்பம். மாரி மழையில், பின் இருக்கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஓடும்போது அல்ல. ஆகவே இந்தக் காரில் நல்ல டயர் ஒன்றைப் போட்டாலே பெரிய மாற்றம் தெரியும். ரிம்மைத் தொட வேண்டியதே இல்லை.

தம்பியின் ரிம்மில் இருந்தவை பாவித்த டயர்கள். கறுப்புப் பூசி மினுக்கியிருந்தார்கள். டயரின் பக்கச் சுவரில் உற்பத்தி இலக்கத்தின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: முதல் இரண்டு கிழமை (வாரம்), அடுத்த இரண்டு வருடம். இங்கே 2315. அதாவது 2015-ஆம் ஆண்டின் 23-ஆம் கிழமை. பூ (தரையைத் தொடும் பக்கத்துப் பள்ளக் கோடுகள்) இன்னும் இருந்தது, தேய்மானக் கட்டையான 1.6 மில்லிமீற்றரைத் தொட நிறைய மிச்சம். ஆனால் நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. காய்ந்த ரப்பர். பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் காய்ந்த ரப்பர் ஈர வீதியைப் பிடிக்காது. மழையில் நழுவியதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

போதாததற்கு, 215/40 டயருக்கு ஏற்ற ரிம் அகலம் ஏழு முதல் எட்டரை அங்குலம். ஒன்பது அங்குலத்தில் பூட்டியதால் பக்கச் சுவர் சரிந்து வெளிப்பக்கம் இழுபட்டு நின்றது. இப்படி இழுத்துப் பூட்டுவதை ஒரு அழகாக நினைக்கிறார்கள். அதில் ரிம்மின் விளிம்பைக் காக்க டயரின் உதடு முன்னால் இருப்பதில்லை. குழியில் விழுந்தால் முதலில் அடி வாங்குவது ரிம்.

அதுதான் நடந்தது. இடது முன் ரிம்மின் உள் விளிம்பு ஓரிடத்தில் நசிந்து, அதற்கு நேரே மயிரிழை வெடிப்பு. காற்று இறங்கியது அந்த வழியாக. படுவான்கரைப் பக்கம் வயல் வீதியில், வெள்ளம் அரித்த மதகு விளிம்பில் ஏறி இறங்கியதாகத் தம்பி நினைவுபடுத்திச் சொன்னார். காத்தான்குடியில் ரிம் நிமிர்த்துகிற நானா ஒருவரிடம் காட்டினோம். அவர் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒட்டித் தரலாம் தம்பி. ஆனா ஓடுற எண்டா முன்னுக்குப் போடாதீங்க" என்றார். வேலையை விட வாடிக்கையாளரின் உயிரைப் பெரிதாக நினைக்கிற ஆள். நாங்கள் பின்னுக்கும் போட வேண்டாம் என்று தீர்மானித்தோம். நசிவை நிமிர்த்தலாம். வெடித்த வார்ப்பை வெல்டிங் செய்தால் சூடு பட்ட இடத்தில் அலுமினியம் இளகிப் பலம் இழக்கும்.

ரிம்மின் பின்பக்கத்தில் ஜேடபிள்யூஎல் என்ற எழுத்துகள் வார்ப்பிலேயே இருந்தன. அது ஜப்பான் தரத்துக்கு ஒத்துப் போகிறது என்று செய்தவரே போட்டுக்கொள்ளும் அடையாளம். வெளி நிறுவனம் சோதித்துப் பதிந்ததற்கான அடையாளம் விஐஏ. இங்கே அது இல்லை, எவ்வளவு கிலோ தாங்கும் என்ற எண்ணும் இல்லை. எழுத்து இருந்தாலும் நம்பலாமா என்றால் நகலில் எழுத்தையும் நகலெடுப்பார்கள். எண் இல்லாத ரிம்மை மட்டும் வாங்கவே வேண்டாம்.

நிறை

பக்கத்து அரிசி ஆலையின் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். மூட்டை நிறுக்க வந்தவர்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பழைய ரிம்மும் டயரும் 19 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், புதியது 23-ஐத் தொட்டது. ஒரு மூலைக்கு நான்கு கிலோ வித்தியாசம்.

காரின் மொத்த நிறை 1,200 கிலோவைச் சற்றே தாண்டும், அதில் நான்கு மூலைக்கும் சேர்த்துப் பதினாறு கிலோ என்ன பெரிது என்று கேட்கலாம். சில்லின் விளிம்பில் உள்ள நிறையை முன்னுக்கும் தள்ள வேண்டும், சுற்றவும் வைக்க வேண்டும். வேகமெடுக்கும்போது விளிம்பில் ஒரு கிலோ என்றால் காருக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ ஏற்றியது போல. இந்த என்ஜினுக்கு 205 நியூட்டன் மீற்றர்தான் உச்ச முறுக்குவிசை, அதுவும் 6,400 சுற்றுக்கு மேல் போனால்தான் கிடைக்கும். நாலாயிரத்தை ஒட்டி ஒரு தொய்வு வேறு இருக்கிறது. மூன்றாம் கியரில் லொறியைத் தாண்டப் போகும்போது கார் சோம்பலாக இருப்பதாகத் தம்பி சொன்னது கற்பனை இல்லை.

செய்த வேலை

முதலில் எதையும் வாங்க விடவில்லை. பழைய அசல் ரிம் நான்கும் வீட்டு விறாந்தையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தன. இடது முன் ஹப்பில் நசிந்த இரண்டு போல்ட்டோடு மற்ற மூன்றையும் சேர்த்து அழுத்தி எடுத்துவிட்டுப் புதிதாக ஐந்து போட்டோம். ஒரே பிழை நட்டால் வேலை செய்த போல்ட்டில் வெளியே தெரியாத சேதமும் இருக்கலாம். மற்றச் சில்லுகளின் புரிகளைச் சுத்தம் செய்து, சரியான நட்டு கையால் கடைசி வரை ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஓடாதவற்றை மாற்றினோம். அசல் ரிம்மைப் பூட்டி ஓட்டச் சொன்னோம். நடுக்கம் இல்லை, உரசல் இல்லை, ஸ்டியரிங் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

கார் வேலையை மட்டும் நினைத்தால் இங்கேயே, அசல் ரிம்முக்கு நல்ல டயர் நான்கு வாங்கிப் போட்டு முடித்திருக்கலாம். என் சொந்தக் கார் என்றால் அதைத்தான் செய்வேன். ஆனால் தம்பிக்கு ரிம் மாற வேண்டும், அந்த ஆசையைத் திட்டித் தீர்க்க நாங்கள் யார். அவருக்குத் தேடிக்கொடுத்தது 17 அங்குலம், 8 அங்குல அகலம், ஓஃப்செட் 45, பிசிடி 100 மட்டும் துளைத்த ரிம். வார்த்த பிறகு விளிம்புப் பகுதியை உருட்டி அழுத்தி மெலிதாக்கிய வகை. அழுத்தி அடித்ததற்கும் வெறும் வார்ப்புக்கும் நடுவில் நிற்கும், விலையும் அப்படியே. தாங்கும் சுமை பின்பக்கம் தெளிவாக எழுதியிருந்தது. வெளி விளிம்பு அசலை விட 16 மில்லிமீற்றர்தான் வெளியே வரும், உள்பக்கம் பத்து மில்லிமீற்றர் கூடும். மட்கார்டும் தப்பும், உள்ளே அதிர்வைத் தாங்கும் சொக்கும் தப்பும்.

டயர் 225/45 ஆர்17. எட்டு அங்குலத்துக்கு இயல்பாக உட்காரும் அளவு. உயரம் 634 மில்லிமீற்றர், அசலை விட ஒன்றரை வீதத்துக்கும் குறைவாகத்தான் கூடுகிறது. வேகமானி எழுபது காட்டும்போது ஒரு கிலோமீற்றர் வித்தியாசம் வரும், அவ்வளவுதான். பக்கச் சுவரின் உயரம் 101 மில்லிமீற்றர். 18 அங்குலத்தில் அது 86 ஆக இருந்தது. மதகு விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் பதினைந்து மில்லிமீற்றர் கூடுதல் ரப்பர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டயரைத் தேர்ந்தது மழைக்காகத்தான். ரேஸ் ஓட்டத்துக்கான, பூ குறைந்த அரைச் சிலிக் டயர் கேட்டார், வேண்டாம் என்றோம். கார்த்திகையிலும் மார்கழியிலும் நம் வீதியில் நிற்கிற தண்ணீரைப் பார்த்தவர் யாரும் அதைக் கேட்க மாட்டார். உற்பத்திக் கிழமையைக் கடையிலேயே பார்த்து, ஆறு மாதத்துக்கு உட்பட்டதை வாங்கினோம்.

16-க்கு இறங்கலாமா என்றும் ஒரு யோசனை இருந்தது. ஜப்பானில் இதே காரின் ஜி தரத்துக்கு 205/55 ஆர்16 தான் போட்டார்கள். நம் வீதிக்கு அது இன்னும் பொருத்தம். ஜிடியின் பிரேக் பெரிது, காலிப்பர் இடைவெளியை ஒவ்வொரு ரிம்முக்கும் அளந்து பார்க்க வேண்டும். தம்பியின் முகத்தைப் பார்த்து அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

ஹப் ரிங் 73.1-இல் இருந்து 56.1-க்கு. அலுமினிய வளையம் உறுதியானதுதான், ஆனால் உப்புக் காற்றில் இரும்பு ஹப்போடு ஒட்டிப் பூத்துவிடும், அப்புறம் ரிம்மைச் சுத்தியலால் அடித்துத்தான் கழற்ற வேண்டும். கரையோரக் கார்களுக்கு நாங்கள் பிளாஸ்டிக் வளையம்தான் போடுகிறோம். மலை இறக்கத்தில் பிரேக்கைக் காய்ச்சி ஓட்டுகிறவர்களுக்கு அது சரிவராது, இங்கே மலை எங்கே இருக்கிறது? ஹப் கழுத்தில் மெல்லியதாக ஒட்டாத கிறீஸ் பூசினோம். போல்ட் புரியில் பூசவில்லை. புரியில் கிறீஸ் பட்டால் அதே முறுக்குக்குப் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும்.

நட்டு இறுக்கியது முறுக்கு அளவுச் சாவியால், காருக்குச் சொன்ன 120 நியூட்டன் மீற்றருக்கு. சில்லு தொங்கும்போது நட்சத்திர ஒழுங்கில் பாதி, இறக்கிய பிறகு மீதி. நூறு கிலோமீற்றர் அளவு ஓடிவிட்டு வரச் சொல்லி மீண்டும் பார்த்தோம். இரண்டு நட்டு அரைவிரல் அளவு திரும்பின. புதிய ரிம்மில் அது நடக்கும், பெயின்ட் படிவதால்.

அலைன்மென்ட்டில், அதாவது சில்லுகள் நிற்கும் கோணத்தில், ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் காரின் முன் சில்லு தொழிற்சாலையில் இருந்து கிட்டத்தட்ட செங்குத்தாகவே நிற்கும், அதைச் சாய்க்க வழி வைக்கவில்லை. சொக்கின் அடியைப் பூட்டும் இரண்டு போல்ட்டில் மேலுள்ளதைக் கழற்றி, அந்த இடத்தில் மையம் விலகிய கேம்பர் போல்ட் போட்டால் ஒரு பாகை உள்ளே சாய்க்கலாம். இரண்டு பக்கமும் அப்படிச் சாய்த்து, டோவை (மேலிருந்து பார்த்தால் சில்லுகள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) சுழியத்தில் வைத்தோம். வளைவில் முன்பக்கம் பிடிப்பது உடனே தெரிந்தது. செலவும் சொற்பம், ரிம்முக்குச் செலவழித்ததன் ஓரத்துக்கும் வராது.

மட்கார்ட் துருவைச் சுரண்டி, பிறைமர் அடித்து மூடியது பெயின்டர் வேலை, அதை விரிக்கவில்லை. காப்புறுதி நிறுவனத்துக்கு ரிம், டயர் அளவு மாறியதை எழுத்தில் கொடுக்கச் சொன்னோம். கொடுத்துவிட்டார்.

பிறகு

அதிர்வு இல்லை. டயல் கேஜில் நான்கு சில்லும் அரை மில்லிமீற்றருக்குள். பின் இருக்கையில் இரண்டு பெரிய ஆட்களை மடக்கி உட்காரவைத்துக் (அதுவே ஒரு சோதனைதான்) கல்லடிப் பாலத்து இணைப்பில் ஏற்றி இறக்கியும் உரசவில்லை. ரிம்மும் டயரும் சேர்த்து 18 கிலோவை ஒட்டி நின்றன, அசலை விடவும் குறைவு. மாரி தொடங்கிய பிறகு தம்பி ஒரு நாள் வந்து, "அண்ணே, இப்ப மழைக்கும் நேர போகுது" என்றார். அது டயர் புதிது என்பதால்.

குறையும் ஒன்று உண்டு. அசல் ரிம்மில் இருந்த மென்மை இல்லை. அகல டயர் என்பதால் சொரசொரப்பான தாரில் இரைச்சல் கொஞ்சம் கூடியிருக்கிறது. தம்பி அதைப் பொருட்படுத்தவில்லை, அவர் மனைவி பொருட்படுத்துகிறார்.

காற்றை விடியற்காலையில், ஓடுவதற்கு முன் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். கச்சான் என்ற வெப்பக் காற்று அடிக்கும் காலத்து நடுப்பகல் வீதியில் ஓடிவிட்டு வந்து அளந்தால், பத்துப் பாகை சூட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைக் குறைத்துவிட்டால் மறுநாள் காலையில் டயர் பசித்துக் கிடக்கும்.

18 அங்குல ரிம்களில் வெடித்ததை அறுத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று, முழுதாகக் கொடுத்தால் நிமிர்த்திப் பெயின்ட் அடித்து யாருக்காவது விற்றுவிடுவார்கள். மற்ற மூன்றும் தம்பியின் விறாந்தையில். புதிய நட்டுகளின் தலை காரோடு வந்த சாவிக்குப் பொருந்தாது, ரிம் துளையும் ஒடுக்கம். அதனால் மெல்லிய சுவருள்ள சொக்கட் ஒன்றை டிக்கியில் வைத்துக் கொடுத்திருக்கிறோம். வீதியோரப் பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியை எடுத்தால், கையால் பூட்டித் தரச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினோம்.